பொலே வண்டி மாதிரியில் பிரேக் எங்கே?

வணக்கம். 1896ஆம் ஆண்டு லெயோன் பொலே என்ற பிரெஞ்சு மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு மர மாதிரி செய்வதாகவும், பழைய புகைப்படத்தில் கிளட்சும் பிரேக்கும் தென்படாததால் வேலை நின்றுபோனதாகவும் எழுதியிருந்தீர்கள். தேடிக் களைத்துவிடாதீர்கள், இரண்டுமே பின்சக்கரத்தில்தான் இருக்கின்றன.

எஞ்சின் பக்கமிருந்து பின்சக்கரத்துக்குத் தட்டையான பெல்ட் ஒன்று ஓடுகிறது. ஓட்டுநரின் இடக்கை நெம்புகோல் அந்தச் சக்கரத்தையே முன்னும் பின்னும் நகர்த்தும். சக்கரம் பின்னால் போனால் பெல்ட் விறைத்து வண்டி கிளம்பும். முன்னால் வந்தால் பெல்ட் தொய்ந்து, எஞ்சினின் விசை சக்கரத்துக்குப் போகாது, இதுதான் கிளட்ச். இன்னும் முன்னால் வந்தால் சக்கரத்தின் பெல்ட் வளையம் ஒரு கட்டையில் அழுந்தி வண்டி நிற்கும். எத்தனை அழகான சிக்கனம்! ஆகவே பின் அச்சைப் பசை போட்டு இறுக்கிவிடாதீர்கள், நகர இடம் விடுங்கள்.

சிலிண்டர் ஒன்றே, படுத்தவாக்கில் இருக்கும். காற்றால் குளிர்வது என்பதால் அதன்மேல் வரிவரியாகத் தகடுகளைச் செதுக்குங்கள். ஸ்பார்க் பிளக் வைத்துவிடாதீர்கள். விளக்குச் சுடரில் பழுக்கக் காய்ந்த சிறு குழாய்தான் எரிபொருளைப் பற்றவைத்தது. பயணியின் இருக்கை ஓட்டுநருக்கு முன்னால், இரண்டு முன்சக்கரங்களுக்கு நடுவே வரவேண்டும். நெம்புகோலும் சக்கரமும் சேர்ந்து அசையத் தொடங்கியதும் ஒரு படம் போடுங்கள், பார்க்க ஆவலாக இருக்கிறேன்.