கம்பெனி மூடிவிட்டது, கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ரகம். திடீரென்று கம்பெனி விழுந்துவிட்டது, அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. அதனால் மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டேன். பதிலைப் படிக்கும் முன் ஒரு வேலை: கம்பெனி மெயில் இன்னும் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் சம்பளச் சீட்டு, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், ஃபார்ம் 16 (வருமான வரிப் பிடித்தச் சான்று) எல்லாவற்றையும் இன்று இரவுக்குள் இறக்கி வைத்துவிடுங்கள். நாளைக்குத் திறக்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். உங்கள் சொந்தக் காகிதங்களை மட்டும்தான் சொல்கிறேன், கம்பெனி ஃபைலில் கை வைக்காதீர்கள்.

ஒரகடத்திலிருந்து ஒருவர்: சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்திருக்கிறார்கள், பாஸ்புக்கில் ஆறு மாதமாக ஒன்றும் ஏறவில்லை. பணம் போனதா?

போகவில்லை, ஆனால் வரவும் இல்லை. அந்தந்த மாதப் பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியிருக்க வேண்டும். உங்கள் பங்கைப் பிடித்துக்கொண்டு கட்டாமல் விட்டது வெறும் பாக்கி இல்லை, நம்பிக்கை மோசடிக் குற்றம். பி.எஃப். இணையதளத்தின் புகார்ப் பகுதியில் பதிவு செய்யுங்கள், மண்டல ஆணையருக்குத் தபாலிலும் ஒன்று அனுப்புங்கள். ஆறு மாதச் சம்பளச் சீட்டு, சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு நகல் இரண்டும் இணைப்பில் இருக்க வேண்டும். பாஸ்புக்கை ஆறு மாதமாகத் திறந்தே பார்க்காமல் இருந்தீர்களே, அது எப்படி என்றுதான் எனக்குப் புரியவில்லை. மாதம் ஒருமுறை பார்க்க இரண்டு நிமிடம் ஆகுமா?

அம்பத்தூரிலிருந்து ஒருவர்: எட்டு வருட சர்வீஸ், மூன்று மாதச் சம்பளம் பாக்கி. இப்போது கம்பெனியை மூடுகிறார்கள். ராஜினாமா எழுதிக் கொடுத்தால்தான் ரிலீவிங் லெட்டர் தருவோம் என்று ஹெச்.ஆர். சொல்கிறார். எழுதிக் கொடுக்கலாமா?

கூடாது. கூடவே கூடாது. வருடக்கணக்காக இதைச் சொல்லி வருகிறேன், ஆனாலும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் முக்கால்வாசிப் பேர் எழுதிக் கேட்கிறார்கள்.

இது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொருவராக மீட்டிங் அறைக்குள் கூப்பிடுவார்கள். மேசையில் லேப்டாப் திறந்திருக்கும். "சொந்தக் காரணங்களுக்காக" என்று ஆரம்பிக்கும் மெயில் ஏற்கெனவே அடித்து வைத்திருக்கும், நீங்கள் அனுப்பு பொத்தானை அமுக்கினால் போதும். பக்கத்தில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ஒரு காகிதம், அதில் தொகை எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கும். ஹெச்.ஆர். ஆள் நல்லவராகவே இருப்பார், டீ கூடத் தருவார். அவர் வேலையும் அடுத்த வாரம் போகப்போகிறது என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

அந்தப் பொத்தானை அமுக்கினால் என்ன போகும்? நிறுவனம் மூடப்பட்டால் தொழிலாளிக்கு வர வேண்டிய இழப்பீடு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். அதோடு ஒரு மாத நோட்டீஸ் சம்பளம். உங்கள் சம்பளம் 26,000 என்று வைத்துக்கொண்டால் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு லட்சத்து முப்பதாயிரம். ராஜினாமா செய்தவருக்கு இதில் ஒரு பைசா கிடையாது, அவர் தானாகப் போனவர். இ.எஸ்.ஐ.யின் வேலையிழப்புப் படியும் அவருக்கு இல்லை. கம்பெனிக்கு நட்டம், பணம் இல்லை என்பதெல்லாம் இழப்பீட்டைக் குறைக்கக் காரணம் ஆகாது, சட்டத்திலேயே தெளிவாக இருக்கிறது. கிராஜுவிட்டி மட்டும் ராஜினாமா செய்தாலும் போகாது, அதைக் காட்டித்தான் "எல்லாம் வந்துவிடும்" என்பார்கள்.

"நான் மேனேஜர், தொழிலாளி இல்லையே" என்று சிலர் கேட்பார்கள். விசிட்டிங் கார்டில் இருப்பதை வைத்து முடிவு செய்வதில்லை, என்ன வேலை பார்த்தீர்கள் என்பதை வைத்துத்தான். கீழே ஒருவர்கூட வேலை செய்யாத "அசிஸ்டென்ட் மேனேஜர்" இந்த ஊரில் எத்தனை ஆயிரம் பேர்!

சரி, ரிலீவிங் லெட்டர்? அது இல்லாமலும் வேலை கிடைக்கும், கீழே வேறொருவருக்குச் சொல்லியிருக்கிறேன். நீங்களே ஒரு மெயில் அனுப்புங்கள்: "நிறுவனம் இந்தத் தேதியில் மூடப்பட்டதால் என் பணி முடிகிறது, நான் ராஜினாமா செய்யவில்லை, நிலுவை இவ்வளவு." உங்கள் சொந்த மெயிலுக்கும் ஒரு நகல். ஏதாவது பணம் தந்து கையெழுத்துக் கேட்டால், வாங்கிக்கொள்ளுங்கள், கையெழுத்துக்கு மேலே "என் மற்ற உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொண்டேன்" என்று உங்கள் கையால் எழுதுங்கள். தொகை காலியாக உள்ள தாளில் ஒரு புள்ளிகூட வைக்காதீர்கள். ஏற்கெனவே ராஜினாமா அனுப்பியவர்கள், அது நடப்புக்கு வரும் தேதிக்கு முன்னால், கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்று காரணம் சொல்லித் திரும்பப் பெறுவதாக இன்றே எழுதுங்கள். மிரட்டிய வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அழிக்காதீர்கள்.

2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள புதிய ஊதியச் சட்டத் தொகுப்புப்படி, நிறுவனம் மூடப்பட்டால் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளில் தர வேண்டும். தர மாட்டார்கள்தான். ஆனால் தொழிலாளர் துறையில் மனு எழுதும்போது அந்த வரி உங்கள் பக்கம் நிற்கும். ராஜினாமாக் கடிதம் எதிர்ப் பக்கம் நிற்கும்.

பெயர், ஊர் இல்லாமல் ஒருவர்: கம்பெனி மூடிட்டாங்க, எனக்கு எவ்வளவு வரும்? அர்ஜென்ட்.

எத்தனை வருட சர்வீஸ், என்ன சம்பளம், பெர்மனென்டா கான்ட்ராக்டா, எதுவுமே சொல்லாமல் எவ்வளவு என்றால் நான் கிளி ஜோசியம்தான் பார்க்க வேண்டும். விவரத்தோடு எழுதுங்கள்.

கோவையிலிருந்து ஒருவர்: நாலு வருடம் ஒன்பது மாதம் முடித்திருக்கிறேன். ஐந்து வருடம் ஆகவில்லை, கிராஜுவிட்டி கிடையாது என்கிறார்கள்.

கேளுங்கள். ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அதை முழு வருடமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. வாரம் ஐந்து நாள் வேலை என்றால் 190 நாள் போதும். கடைசி அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டையும் கூட்டி 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருடத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

சென்னை, பெருங்குடியிலிருந்து ஒருவர்: எங்கள் கம்பெனி என்.சி.எல்.டி.க்கு, அதாவது கம்பெனி திவால் வழக்குகளைப் பார்க்கும் தீர்ப்பாயத்துக்குப் போய்விட்டது. வக்கீல் வைத்து வழக்குப் போட 20,000 கேட்கிறார்கள். போடலாமா?

இப்போது வேண்டாம். திவால் நடவடிக்கை தொடங்கிவிட்டால் கம்பெனி மேல் இருக்கும் வழக்கெல்லாம் அப்படியே நிற்கும், புதிதாகவும் போட முடியாது. நீங்கள் செய்ய வேண்டியது ஃபார்ம் டி, ஊழியர் தன் பாக்கியைக் கேட்கும் படிவம். நியமிக்கப்பட்ட தீர்வு அதிகாரிக்கு, சம்பளச் சீட்டு, வங்கி நகலோடு மெயிலில் அனுப்பலாம், காசு செலவு கிடையாது, வக்கீலும் வேண்டாம். பத்திரிகை அறிவிப்பில் சுமார் இரண்டு வாரம் என்று போட்டிருப்பார்கள். தவறவிட்டாலும் தொடக்கத் தேதியிலிருந்து 90 நாள் வரை வாங்கிக்கொள்வார்கள். அதற்கு மேல் இழுத்தால் கெஞ்ச வேண்டியிருக்கும்.

கம்பெனியைக் கலைத்துவிட்டால், தொழிலாளிகளின் கடைசி 24 மாதச் சம்பள பாக்கி அடமானம் வைத்திருக்கும் வங்கிக்குச் சமமான வரிசையில் நிற்கும். மற்ற ஊழியர்களுக்கு 12 மாதம், அதுவும் அடுத்த வரிசையில். பி.எஃப்., கிராஜுவிட்டி நிதிப் பணத்தைக் கடன்காரர்கள் பங்கு போட முடியாது. ஆனால் இந்தப் பணத்தை நம்பி யாருக்கும் தேதி சொல்லிவிடாதீர்கள். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியது. நடுவில் வாங்க ஆள் வந்து, தீர்வுத் திட்டம் ஒப்புதலாகி, கடைசியில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைக் கலைத்துவிடச் சொன்னது. ஐந்தரை வருடம். வந்தால் வரவு என்று வைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

திருப்பூரிலிருந்து ஒருவர்: இ.எஸ்.ஐ.யில் வேலை போனவர்களுக்குப் பணம் உண்டாமே?

உண்டு, ஆனால் கேட்டு வாங்குபவர் குறைவு. ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்று ஒன்று, நிறுவனம் மூடப்பட்டாலோ ஆட்குறைப்பு நடந்தாலோ இரண்டு வருடம் வரை: முதல் வருடம் பாதிச் சம்பளம், அடுத்த வருடம் கால். அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று இன்னொன்று, 90 நாள் வரை பாதிச் சம்பளம், இதைக் காலத்துக்குக் காலம் நீட்டிப்பார்கள், இப்போது நடப்பில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள். உங்கள் கிளை அலுவலகத்தில் ஆதார், பாஸ்புக், சம்பளச் சீட்டோடு. பார்த்தீர்களா, மறுபடியும் சம்பளச் சீட்டு.

ஒசூரிலிருந்து ஒருவர்: வீட்டுக் கடன் இ.எம்.ஐ. 5ஆம் தேதி. பவுன்ஸ் ஆன பிறகு பேங்குக்குப் போகலாமா, முன்னாலா?

முன்னால். கேள்வியிலேயே பதில் இருக்கிறது. மேனேஜரிடம் எழுத்தில் கொடுத்து, காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்கக் கேளுங்கள். 90 நாள் கட்டாமல் போனால் வாராக்கடன், அப்புறம் பேச்சே வேறு. கிரெடிட் கார்டில் "மினிமம்" மட்டும் கட்டி ஓட்டாதீர்கள், வருடத்துக்கு 40 சதவீதம் வரை போகும் வட்டி. அதற்கு நகைக் கடன் எவ்வளவோ மேல்.

ஒரு சகோதரி: கணவருக்கு வேலை போய் ஒரு மாதம். மாமனாருக்குத் தெரியக்கூடாது என்று தினமும் டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு எட்டரைக்குக் கிளம்பிப்போய் சாயங்காலம் வருகிறார். என்னிடமும் சரியாகப் பேசுவதில்லை.

அம்மா, இது சட்டக் கேள்வி இல்லை, ஆனாலும் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் அவசரம். அவர் நாள் முழுக்க எங்கேயோ பார்க்கிலும் பஸ் ஸ்டாண்டிலும் உட்கார்ந்திருக்கிறார். அந்த நேரத்தில்தான் ஃபார்ம் டி கொடுத்திருக்க வேண்டும், பழைய நண்பர்களுக்கு ஃபோன் செய்திருக்க வேண்டும். மறைப்பவரால் யாரிடமும் வேலை கேட்க முடியாது, கேட்டால் செய்தி வீட்டுக்கு வந்துவிடுமே. பெரியவரிடம் நீங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லுங்கள், "கம்பெனி மூடிட்டாங்க மாமா" என்று. மகன் தப்பு செய்து வெளியே அனுப்பப்படவில்லை, ஊரோடு போன வேலை. அவர் காலத்திலும் மில் மூடியதைப் பார்த்திருப்பார், நீங்கள் பயப்படும் அளவுக்கு உடைந்துபோக மாட்டார். பள்ளிக்கூடத்திலும் போய் ஃபீஸைத் தவணையில் கேளுங்கள்.

கணவர் தூங்குவதில்லை, "நான் இருந்து என்ன" என்பது போல் பேசுகிறார் என்றால் காத்திருக்க வேண்டாம். 104 அல்லது டெலி மானஸ் 14416, தமிழில் பேசுவார்கள், இலவசம்.

மதுரையிலிருந்து ஒருவர்: பி.எஃப். முழுவதையும் எடுத்து ஜூஸ் கடை வைக்கலாம் என்றிருக்கிறேன்.

முக்கால் பங்குக்கு மேல் உடனே வராது, அது நல்லதுதான். அதையும் ஆறு மாத வீட்டுச் செலவுக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் கடையை யோசியுங்கள். பென்ஷன் பகுதியைத் தொடாதீர்கள். பத்து வருட சர்வீஸ் சேர்ந்தால் வாழ்நாள் பென்ஷன், எட்டு வருடத்தில் அதைப் பிய்த்து எடுத்தால் கையில் வருவது சொற்பம். கம்பெனியில் யாரும் இல்லாததால் வெளியேறிய தேதி போடவில்லை என்றால், கடைசியாகப் பணம் ஏறி இரண்டு மாதம் கழித்து யு.ஏ.என். (உங்கள் பி.எஃப். எண்) தளத்தில் நீங்களே போடலாம். இன்னொன்று, ஐந்து வருடத்துக்குள் எடுத்தால் வரி என்பார்கள். தொழில் மூடப்பட்டதால் வேலை போயிருந்தால் அந்த வரி கிடையாது. காரணத்தில் "ராஜினாமா" என்று போட்டுவிட்டால் நீங்களே வரியைக் கூப்பிட்டு உட்கார வைத்த மாதிரி.

சேலத்திலிருந்து ஒருவர்: அம்மாவுக்குச் சர்க்கரை. கம்பெனி இன்ஷூரன்ஸ்தான் இருந்தது.

வேலை முடிந்ததும் அதுவும் முடியும். அதே இன்ஷூரன்ஸ் நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாற்றித் தரச் சொல்லி உடனே எழுதுங்கள், இதுவரை ஓடிய காத்திருப்புக் காலம் கணக்கில் வரும். குரூப் பாலிசி முடிந்த பிறகு போனால் புதிய ஆளாகத்தான் பார்ப்பார்கள். முதல்வர் காப்பீட்டு அட்டைக்கு வருமானத் தகுதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சிறுசேரியிலிருந்து ஒருவர்: புதிய கம்பெனியில் பின்னணிச் சரிபார்ப்பு. பழைய கம்பெனிக்கு ஃபோன் போனால் எடுக்கவே ஆள் இல்லை.

இது அவர்களுக்குப் புதிதல்ல. பி.எஃப். சர்வீஸ் ஹிஸ்டரி, 26ஏஎஸ் (உங்கள் பெயரில் பிடித்த வரியின் கணக்கு), ஃபார்ம் 16, சம்பளம் ஏறிய வங்கி நகல், இவை போதும். முன்னாள் மேலாளர் ஒருவரின் சொந்த எண்ணைக் கொடுங்கள், முதலில் அவரிடம் சொல்லிவிட்டு. நேர்காணலில் "நிறுவனம் மூடப்பட்டது" என்று ஒரே வரி, அதோடு நிறுத்துங்கள். முதலாளி எப்படி ஏமாற்றினார் என்று இருபது நிமிடம் பேசினால் எதிரே இருப்பவர் உங்களைப் பற்றித்தான் குறித்துக்கொள்வார்.

தஞ்சாவூரிலிருந்து ஒருவர்: தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, மாதம் ஒரு லட்சம், விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட்.

போகாதீர்கள். இப்படிப் போன நம் பிள்ளைகள் மியான்மர் எல்லைக்குக் கடத்தப்பட்டு, ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி அடிக்கப்பட்டு, 2022இல் அரசு தலையிட்டு மீட்டுக்கொண்டு வந்தது. ஏஜென்டின் பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில், பதிவு பெற்ற ஏஜென்ட்கள் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள், பாஸ்போர்ட் அவர் கையில் இருந்தால் முதலில் அதை வாங்குங்கள்.