துருவக் குளிரும் ஏ.சி. கேஸும்

காட்பாடியில் ஏ.சி. பழுது பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "தென்துருவத்தில் குளிர் கடுமையானால் ஓசோன் குறையுமாமே, எப்படி? வேலூர் வெயிலுக்கும் அதுதான் காரணமா? பழைய ஏ.சி.யைக் கழற்றும்போது ஆர்-22 கேஸைத் திறந்து விட்டுவிடுகிறோம். அதனால் கெடுதல் உண்டா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: உண்டு.

வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஓசோனைக் குளிர் தனியாக அழிப்பதில்லை. முன்பு ஃபிரிட்ஜ், ஏ.சி.களில் பயன்பட்ட சி.எஃப்.சி. போன்ற வாயுக்களிலிருந்து மேல்வானில் சேர்ந்த குளோரின், பெரும்பாலும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் குளோரின் நைட்ரேட்டாகவும் ஓசோனுக்குத் தீங்கு செய்யாமல் அடங்கிக் கிடக்கிறது. அண்டார்க்டிகாவின் இருண்ட குளிர்காலத்தில் துருவச் சுழல்காற்று உள்ளே இருக்கும் காற்றை வெளியே கலக்கவிடாமல் வளைத்து நிறுத்த, 15 முதல் 25 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 78 டிகிரிக்கும் கீழே இறங்கும்போது, நைட்ரிக் அமிலமும் நீரும் சேர்ந்து உறைந்த துகள்கள் மேகங்களாகத் திரள்கின்றன. கேஸ் குறைந்த ஏ.சி.யின் காப்பர் பைப்பில் பனி பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல மேலே உறைந்த அந்தத் துகள்களின் பரப்பில்தான் அடங்கிக் கிடந்த இரு சேர்மங்களும் வினைபுரிந்து குளோரின் வாயுவை வெளிவிடுகின்றன. செப்டம்பரில் வெயில் திரும்பியதும் அது அணுக்களாகப் பிரிந்து, ஒவ்வோர் அணுவும் ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளைச் சிதைக்கிறது. வடதுருவத்தில் இத்தனை குளிர் பொதுவாக நீடிப்பதில்லை. நீடித்த 2011, 2020 ஆண்டுகளில் அங்கும் ஓசோன் பெருமளவு குறைந்தது.

துருவக் குளிரை நாம் மாற்ற முடியாது, குளோரினைக் குறைக்க முடியும். ஓசோனைக் கெடுக்கும் வாயுக்களைக் கட்டுப்படுத்திய 1987இன் மான்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு அது குறைந்தும் வருகிறது.

வேலூர் வெயிலுக்கு ஓசோன் காரணமில்லை. கடலிலிருந்து விலகிய இடமும் கோடையின் வறண்ட மேற்குக் காற்றுமே காரணம். ஆனால் ஏப்ரல் இறுதியில் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வருவதால் புற ஊதாக் கதிர் இங்கே கடுமையானது. மொட்டைமாடி வேலையைத் தயவுசெய்து காலையிலேயே முடித்துவிடுங்கள்.

ஆர்-22இல் குளோரின் இருக்கிறது. சி.எஃப்.சி. வகையான பழைய ஆர்-12 செய்யும் பாதிப்பில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான் என்றாலும், பத்தாண்டுக்கு மேல் காற்றில் தங்கும். கம்ப்ரஸர் ஓடினால் பம்ப் டவுன் செய்து கேஸை அவுட்டோர் யூனிட்டிலேயே அடைத்துவிடுங்கள். ஓடாவிட்டால் ரெக்கவரி மெஷினால் சிலிண்டரில் பிடியுங்கள். புதிய ஏ.சி.களில் வரும் ஆர்-32, ஆர்-410ஏ இரண்டிலும் குளோரின் இல்லை, ஆனால் அவை புவியைச் சூடாக்குபவை. அவற்றையும் இப்படியே பிடிக்க வேண்டும், ஆர்-22 சிலிண்டரில் மட்டும் கலந்துவிடக் கூடாது.