மண்டபத்து விளக்கும் மைதானத்து விளக்கும்: கண் அலங்காரம் பற்றிய கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ஆசையைச் சொல்கின்றன: கண் எடுப்பாகத் தெரிய வேண்டும். அதற்கு எந்த நிற ஐ ஷேடோ வாங்குவது என்று கேட்கிறீர்கள். மணப்பெண் அலங்காரத்துக்கு என்னை அழைப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது வேறு இரண்டு. எந்த விளக்கின் கீழே நிற்கப் போகிறீர்கள்? எவ்வளவு தூரத்திலிருந்து உங்களைப் பார்க்கப் போகிறார்கள்? நிறத்தை அதற்குப் பிறகுதான் பேச முடியும்.

அக்கா, கோபிசெட்டிபாளையத்தில் எனக்குத் திருமணம். முந்தின நாள் மாலை வரவேற்பு, மறுநாள் அதிகாலை முகூர்த்தம். இரண்டுக்கும் கண் அழுத்தமாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. முகூர்த்தத்துக்கு வெறும் கண் மை போதும் என்கிறார் அம்மா. யார் சொல்வது சரி?

அம்மா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. வரவேற்பில் நீங்கள் நிமிர்ந்து நின்று கேமராவைப் பார்ப்பீர்கள். கண் முழுதாகத் திறந்திருக்கும்போது மேல் இமையின் பெரும்பகுதி மடிப்புக்குள் போய்விடும். வெளியே தெரிவது இமை முடியை ஒட்டிய கோடும் மடிப்புக்கு மேலே இருக்கும் சிறிய இடமும்தான். எனவே அங்கேதான் உழைக்க வேண்டும். மடிப்புக்கு ஒரு நூல் மேலே வரை அடர் காப்பிக்கொட்டை நிறத்தை ஏற்றி, வெளி ஓரத்தில் கருமையாக்கி, இமையின் நடுவில் மட்டும் பழைய பொன் நிறத்தை விரல் நுனியால் ஒற்றுங்கள். பிரஷ்ஷைவிட விரலின் சூட்டில்தான் ஷிம்மர் எனும் மினுமினுப்புப் பூச்சு நன்றாகப் பிடிக்கும்.

முகூர்த்தம் இதற்கு நேரெதிர். சடங்கை நடத்திவைக்கும் அருமைக்காரர் சீர் செய்யும்போதும் தாலி ஏறும்போதும் உங்கள் தலை குனிந்திருக்கும், பார்வை மடியில் இருக்கும். சுற்றி நிற்கும் அத்தையும் பெரியம்மாவும் மேலிருந்து பார்ப்பது உங்கள் மூடிய இமையைத்தான். வீடியோக்காரரும் அதையேதான் அருகில் வந்து எடுப்பார். முதல் நாள் அழகாக இருந்த கருப்பு ஓரம் அங்கே மை சிந்தியது போலத் தெரியும். இமை முழுவதும் செம்பு நிறம், மடிப்பில் செங்கல் நிறம், இரண்டும் எங்கே முடிகின்றன என்று தெரியாதபடி கரைந்த விளிம்பு. அதன் மேல் அம்மா விரும்பும் கண் மை. இருவருக்கும் சம்மதமாகிவிடும்.

மண்டபம் பார்க்கப் போகும்போதே மேடை விளக்கைப் போடச் சொல்லிப் பாருங்கள். மஞ்சள் விளக்கென்றால் செம்பும் பொன்னும் ஒளிரும், ஊதா பழுப்பாகிவிடும், நீலம் மங்கிவிடும். வெள்ளை எல்இடி என்றால் நீலமும் பச்சையும் துணிந்து போடலாம். கண்ணுக்குக் கீழே நிறமற்ற பவுடரை அள்ளிப் பூசவே பூசாதீர்கள். அதில் சிலிக்கா மிகுந்திருந்தால் பிளாஷ் வெளிச்சத்தில் இரண்டு வெள்ளைத் திட்டுகளாகப் படத்தில் விழும். கண்ணாடியில் அது தெரியாது, ஆல்பம் வந்த பிறகுதான் தெரியும்.

இன்னொன்று. வரவேற்பு முடிய இரவு பன்னிரண்டானாலும் கண்ணைக் கலைக்காமல் படுக்காதீர்கள். பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு, மூடிய இமை மேல் அரை நிமிடம் வைத்திருந்தால் நீர் புகாத மஸ்காராகூடத் தானே இளகி வரும். தேய்த்து இழுத்தால் விடியற்காலையில் சிவந்து வீங்கிய இமையின் மேல் செம்பு நிறம் பூச வேண்டியிருக்கும்.

நாங்கள் காங்கேயம் பக்கம் வள்ளி கும்மி ஆடுகிறோம். எல்லோரும் கிளிப்பச்சைச் சேலை. இரவில் மைதானத்தில் ஆட்டம். ஆடி முடிப்பதற்குள் கண் அலங்காரம் வழிந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

இந்தக் கேள்வியைப் படித்ததும் உண்மையிலேயே மகிழ்ந்தேன். வள்ளி ஒயில் கும்மி ஆசான் பத்ரப்பன் அவர்களுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஊர் ஊராகப் பெண்கள் கும்மி பழகும் காலம் இது. நம்முடைய ஆட்டத்துக்கு நம்முடைய ஒப்பனையும் நேர்த்தியாக அமைய வேண்டும்.

உங்களைப் பார்ப்பவர்கள் கயிற்றுக்கு அப்பால், ஐம்பது அறுபது அடி தூரத்தில் இருக்கிறார்கள். அந்தத் தூரத்தில் மெல்லிய நிற வேறுபாடு எதுவும் எட்டாது. கண்ணின் வடிவம் மட்டுமே எட்டும். எனவே நிறங்களைக் குறைத்துக் கோட்டைத் தடிமனாக்குங்கள். மேல் இமையில் நல்ல கனத்தில் ஐ லைனர், அது வெளி ஓரத்தில் புருவ நுனியை நோக்கிச் சற்றே ஏறட்டும். மடிப்பில் பளபளப்பில்லாத அடர் மெரூன். கிளிப்பச்சைக்கு எதிரே அது எடுத்துக் காட்டும். பச்சைச் சேலைக்குப் பச்சை இமை என்றால் தூரத்தில் எதுவும் மிஞ்சாது.

வழிவதற்குக் காரணம் வியர்வை மட்டுமல்ல, இமையில் ஊறும் எண்ணெயும்தான். பூசுவதற்கு முன்பு இமையை ஈரத் துணியால் துடைத்து உலரவிட்டு, ஷேடோ பிடித்து நிற்க அடியில் பூசும் பிரைமரை அரிசி மணி அளவுக்கு எடுத்துத் தடவுங்கள். மேலே கிரீம் வகை ஷேடோவை மெல்லியதாகப் பூசி, அது காய்ந்த பிறகு அதே நிறத்தில் பவுடர் வகையை அழுத்தி ஒற்றுங்கள். தேய்க்காதீர்கள். கீழ் இமையின் உள்விளிம்பில் மை வேண்டாம், முதலில் வழிவது அதுதான். வியர்த்தால் கைக்குட்டையை நெற்றியில் ஒற்றுங்கள், கண்ணுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நாற்பது பேர் ஒரே மையையும் ஒரே மஸ்காராவையும் மாற்றி மாற்றிப் போடும் பழக்கம் பல குழுக்களில் இருக்கிறது. ஒருவருக்குக் கண் வலி வந்தால் குழு முழுவதற்கும் பரவும். மையும் மஸ்காராவும் ஆளுக்கு ஒன்று. ஐ ஷேடோவைப் பகிர்ந்துகொள்ளலாம், ஆனால் அவரவருக்குத் தனித்தனிப் பஞ்சுக் குச்சி.

திருப்பூரில் கல்லூரியில் படிக்கிறேன். நான் நல்ல கறுப்பு. நீலம், இளஞ்சிவப்பு எது போட்டாலும் சாம்பல் பூசியது போல இருக்கிறது. எனக்கு வண்ண ஐ ஷேடோ பொருந்தாதா அக்கா?

பொருந்தும் கண்ணு. குற்றம் உன் நிறத்தில் இல்லை, டப்பாவில் இருக்கிறது. வெளிர் நிற ஷேடோக்களில் வெண்மைக்காக டைட்டானியம் டை ஆக்சைடும், நிரப்பியாக டால்க்கும் தாராளமாகக் கலந்திருக்கும். கறுத்த தோலின் மேல் அந்த வெள்ளைதான் முதலில் தெரிகிறது, வண்ணம் பின்னால் போய்விடுகிறது. கடையில் வாங்கும்போது மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரே ஒரு முறை தடவிப் பார். ஒரு தடவலிலேயே டப்பாவில் இருக்கும் நிறம் கையில் வந்தால் வாங்கு. மூன்று நான்கு முறை தடவ வேண்டியிருந்தால் வைத்துவிடு.

வெளிர் நீலத்துக்குப் பதிலாக மயில்கழுத்து நிறம், இளஞ்சிவப்புக்குப் பதிலாக நாவல்பழ நிறம் எடு. முதலில் அதே குடும்பத்துக் கிரீம் பென்சிலை, இல்லையென்றால் கருப்பு மையையே இமையில் மெல்லியதாக இழுத்து விரலால் பரப்பிவிட்டு, அதன் மேல் வண்ணத்தை அழுத்து. மயில்கழுத்து நிறம் அந்தக் கருமையின் மேல் எப்படித் திரும்புகிறது என்று ஜன்னல் ஓரம் நின்று பார். வெளுத்த தோலில் இந்த ஆழம் எளிதில் வராது. உன் நிறத்தைப் பவுண்டேஷனால் வெளுக்க வைத்துவிட்டு அதன் மேல் கண் எழுதாதே. கழுத்தும் முகமும் இரண்டு ஆட்களுடையது போல ஆகிவிடும்.

ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். எனக்கு 56 வயது. மகள் கல்யாணத்தில் கண்ணுக்கு ஏதாவது போடலாமா? இமை சுருங்கிவிட்டது. இந்த வயதில் எதற்கு என்பார்களோ?

தாராளமாகப் போடுங்கள் அம்மா. மகளைப் பெற்று வளர்த்தவர் நீங்கள், அன்று மேடையில் உங்களுக்கும் இடம் இருக்கிறது. மினுமினுப்பு மட்டும் சுருக்கத்தின் வரிகளில் தங்கி அவற்றை எண்ணிக் காட்டும். பளபளப்பில்லாத பழுப்பு அல்லது மாதுளைத் தோல் நிறத்தைக் கண்ணைத் திறந்தபடியே, தொங்கும் மடிப்புக்குச் சற்று மேலே பூசுங்கள். கண்ணை மூடிக்கொண்டு பூசினால் திறந்ததும் மறைந்துவிடும். அழுகை வரும், எனவே நீர் புகாத மஸ்காராவை மேல் இமை முடிக்கு மட்டும். உங்கள் அம்மன் கோவில் மஞ்சள் நீராட்டுக்கும் இதே மஸ்காரா ஒன்று போதும். பவுடர் வகை எதுவும் அன்று நிற்காது.

கோவையில் வேலை. கண்ணாடி போடுகிறேன். அலுவலகம் முடிந்து நேராக விருந்துக்குப் போக வேண்டும்.

கிட்டப்பார்வைக் கண்ணாடி கண்ணைச் சிறிதாகக் காட்டும். எனவே இமையின் நடுவில் ஒளிரும் நிறம், கீழ் உள்விளிம்பில் கருப்புக்குப் பதிலாகப் பழுப்பு மை. தூரப்பார்வைக் கண்ணாடி பெரிதாக்கிக் காட்டும், பூச்சின் ஒவ்வொரு பிசகும் தெரியும். நிறத்தைக் குறைத்து விளிம்பை நன்றாகக் கரையுங்கள். காலையிலேயே பழுப்பு ஷேடோ போட்டிருந்தால், மாலையில் அதன் வெளி ஓரத்தில் கருப்பு மையை வைத்துத் தேய்த்தாலே போதும்.

நாமக்கல்லிலிருந்து ஒரு தாய்: மகளுக்கு 8 வயது. ஆண்டு விழா நடனத்துக்குக் கண்ணில் ஜிகினாப் பொடி தூவி அனுப்பச் சொல்கிறார்கள். தூவலாமா?

தூவாதீர்கள். ஸ்டேஷனரிக் கடையில் கைவினைக்கு விற்கும் ஜிகினாவின் ஒவ்வொரு துகளுக்கும் கூரிய மூலை உண்டு. அது கண்ணுக்குள் போய், குழந்தை கண்ணைக் கசக்கினால் கருவிழி கீறிவிடும். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு விழாவில், மேடை ஏறும் முன்பே ஒரு சிறுமி கண்ணைத் திறக்க முடியாமல் அழுததை அருகிலிருந்து பார்த்தேன். சுத்தமான தண்ணீரை விட்டு விட்டுக் கழுவியும் அன்றைய ஆட்டத்தை அவளால் ஆட முடியவில்லை. அந்த முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. கண்ணுக்கென்று விற்கும் கெட்டியான ஷிம்மரை விரலால் ஒற்றி அனுப்புங்கள். மேடை விளக்கில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. ஆசிரியர் வற்புறுத்தினால் ஜிகினாவைத் தலைப்பூவில் ஒட்டித் தாருங்கள்.

பொள்ளாச்சியில் ஆடிக்காற்று. லென்ஸ் போடுபவள் நான். வெளியே போனாலே கண் கலங்குகிறது.

பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வீசும் மாதங்களில் உதிரும் பவுடர் ஷேடோவை ஒதுக்கிவிட்டுக் குச்சி வடிவ கிரீம் ஷேடோவுக்கு மாறுங்கள். அலங்காரத்துக்கு முன்பே லென்ஸைப் போட்டுவிடுங்கள். கலைக்கும்போது லென்ஸை முதலில் கழற்றிவிட்டுத்தான் எண்ணெயைத் தொட வேண்டும். மஸ்காரா திறந்து மூன்று மாதம் ஆகியிருந்தால், மிச்சம் இருந்தாலும் எறிந்துவிடுங்கள்.