மேஜைப் பலகை ஏன் வெடித்தது?

கேள்வி: அமெரிக்காவின் கிரீன் சகோதரர்கள் வடிவமைத்த மேஜையின் படத்தைக் காட்டி, ஐப்பசியில் தேக்கில் ஒன்று செய்யச் சொன்னோம். இரண்டரை அடி அகலம். இரு முனையிலும் குறுக்குச் சட்டம், கறுப்புச் சதுரப் பொட்டுகள் எல்லாம் படத்தில் உள்ளபடியே. வைகாசியில் பலகை நடுவே வெடித்துவிட்டது. பச்சை மரமா?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: மரத்தின் மேல் பழி போட வேண்டாம். ஆசாரி சட்டத்தை முழு நீளத்துக்கும் ஃபெவிகால் வைத்து ஒட்டியிருப்பார். பொட்டுகளைக் கடைசியில் அழகுக்குப் பதித்திருப்பார். இந்த அகலத் தேக்குப் பலகை, டெல்டாவின் அடைமழைக்கும் கத்திரி வெயிலுக்கும் இடையே 4 முதல் 6 மி.மீ. வரை அகலம் குறையும். குறுக்குச் சட்டமோ நீளவாக்கில் சுருங்காது. இரண்டையும் இறுக்கி ஒட்டினால் பலகை பிளக்காமல் என்ன செய்யும்?

சார்லஸ், ஹென்றி கிரீன் இருவரும் கட்டடக் கலைஞர்கள். பசடேனாவில் 1908-ல் வடிவமைத்த கேம்பிள் வீட்டுக்கு மேஜை நாற்காலியும் அவர்களே வரைந்தார்கள். அந்தச் சதுரங்கள் கருங்காலி மூடிகள். அடியில் திருகாணி இருக்கும்.

சட்டத்தை ரம்பத்தால் அறுத்து எடுங்கள். வெடிப்பில் மரத்தூள் பசை அடைக்காதீர்கள், மழைக்காலத்தில் பலகை விரியும்போது அதுவே ஆப்பாகும். வெடிப்போடு நீளமாக அறுத்து, இழைத்து, மறுபடி ஒட்டுங்கள். பலகை முனையில் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு நாக்குபோல் நீளும் விளிம்பு எடுத்து, அது நுழையச் சட்டத்தில் காடி (நீளப் பள்ளம்) வெட்டுங்கள். பசை நடுவில் நான்கு அங்குலம் மட்டும். ஓரத் திருகாணிகளுக்குச் சட்டத்தில் 12 மி.மீ. நீள்துளை, வெயில் காலத்தில் பூட்டினால் திருகாணி துளையின் உள்முனையில், மேஜை நடுவை நோக்கி நிற்கட்டும். பிறகு 10 மி.மீ. சதுர மூடி. கருங்காலி கிடைக்காவிட்டால் ஈட்டி மரத் துண்டு போதும். மூடியின் விளிம்பை லேசாக உருட்டி, 1 மி.மீ. மேலே தெரிய விடுங்கள். மட்டமாக இழைத்தால் ஒட்டுப் போட்டதுபோல் இருக்கும்.

சட்டத்தின் முனை சில மாதம் துருத்தும், சில மாதம் உள்ளடங்கும். கிரீன் சகோதரர்கள் சட்டத்தைப் பலகையைவிடச் சற்று நீளமாகவே விட்டதால் அது கண்ணில் படுவதில்லை. கால்சட்டத்தோடு பலகையை நேராகத் திருகியிருந்தால் அதையும் கழற்றி, காடியில் நகரும் மரக்கொக்கி வையுங்கள். இல்லாவிட்டால் அங்கே வெடிக்கும்.

கேள்வி: ஓக் நாற்காலிகளின் பழுப்பு நிறத்தை அம்மோனியா ஆவி கொடுத்துத் தேக்கில் கொண்டுவரலாமா?
– வாசகி, திருவையாறு

பதில்: வராது. ஓக் மரத்தில் நிறைய உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள்தான் அம்மோனியாவோடு சேர்ந்து பழுப்பாகிறது. தவிர, வாய்ஸி என்ற ஆங்கிலக் கட்டடக் கலைஞர் ஓக்கையே பெரும்பாலும் சாயமின்றி வெறுமனே விட்டார். தேக்குக்கு ஆளிவிதை எண்ணெய் இரண்டு கை பூசினால் போதும். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே தீப்பிடிக்கும், விரித்துக் காயவையுங்கள்.