கறையைப் படிக்க நாலு வருஷமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

கரூரில் அன்றைக்கு வழிகாட்டல் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு நீங்கள் மட்டும் நின்று கேட்டது இன்னும் மனதில் இருக்கிறது. “நானு இருவது வருஷமா செக்கிங் டேபிள்ல துணியோடயே நிக்கறேனுங்க. இவளாவது கம்ப்யூட்டர் படிச்சு ஏசி ரூம்ல உக்காரட்டும்னு பாத்தா, துணியில படற கறையப் படிக்கறேங்கறா. அதுக்கு நாலு வருஷம் காலேஜா?” அன்று பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. உங்கள் மகள் கேட்பது துணிக்குச் சாயமும் பினிஷும் போடுகிற வேதியியல், மீதியை இங்கே எழுதுகிறேன். இதே கவலையோடு வருகிற பெற்றோர் பலர் என்பதால் எல்லோரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

உங்கள் மகள், பாப்பா, பள்ளியில் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்கலாம். யூனிபார்மில் குழம்பு கொட்டியது, சோப்பு போட்டதும் கறை சிவப்பானது, வெயிலில் காய்ந்ததும் மங்கிப் போனது, ஏன் என்று கேட்டிருக்கிறாள். நாம் எல்லோரும் ஆயிரம் முறை பார்த்ததுதான், கேட்டதில்லை. மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற சாயம் காரம் பட்டால் சிவக்கும், சோப்பு காரம். வெயில் அந்தச் சாயத்தைச் சிதைத்துவிடும். ஆக, ஒரு குழம்புக் கறைக்குள் இரண்டு கறை இருக்கிறது. ஒன்று எண்ணெய், இன்னொன்று சாயம். ஒன்றைப் போக்குகிற வழி மற்றதற்குச் செல்லாது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இதைக் கவனித்துக் கேட்கிறாள் என்றால், அதைச் சும்மா விட எனக்கு மனசு வரவில்லை.

இப்போது துணிக்கு வருவோம். வெறும் பருத்திக்குத் தண்ணீர் என்றால் பிரியம். துவைக்கும்போது தண்ணீர் நூலுக்கும் எண்ணெய்க்கும் நடுவில் புகுந்து எண்ணெயைத் தள்ளும். எண்ணெய் படலமாக ஒட்டியிருக்க முடியாமல் உருண்டு திரண்டு கழன்றுவிடும். பழைய பருத்தி வேட்டியில் எண்ணெய் அவ்வளவாகத் தங்காததற்கு இதுதான் காரணம். சிக்கல் நாம் அந்தப் பருத்திக்குச் செய்கிற அலங்காரத்தில் வருகிறது. சுருங்காமல் இருக்க ரெசின் என்ற பிசின் போடுகிறோம். நார் முன்போலத் தண்ணீரில் ஊறாது, எண்ணெய்க்கு வசதியாகிவிடும். பாலியஸ்டர் கலந்தால் இன்னும் மோசம். பாலியஸ்டருக்குத் தண்ணீர் ஆகாது, எண்ணெய்தான் உறவு.

அங்கேதான் மில்லில் ‘சாயில் ரிலீஸ்’ என்று சொல்கிற பினிஷ், அதாவது துணிக்குக் கடைசியில் கொடுக்கிற பதம், வருகிறது. கறை படாமல் தடுப்பது வேறு, பட்ட கறையைத் துவைக்கும்போது விட்டுக்கொடுப்பது வேறு. இது இரண்டாவது வகை. அக்ரிலிக் அமில வகைப் பாலிமரைத் தண்ணீரில் கரைத்து, துணியை அதில் முக்கிப் பிழிந்து, ஸ்டென்டர் என்ற, துணியை விரித்துப் பிடித்துச் சூட்டில் ஓட்டுகிற எந்திரத்தில் காயவைத்து, சூட்டில் பதியவைப்பார்கள். சோப்புத் தண்ணீரில் அந்தப் படலம் உப்பும், எதிர்மின் ஏற்றம் பெறும், எண்ணெயை வெளியே தள்ளும். நம் சலவைத்தூளில்கூட இதற்கு ஒரு தங்கை உண்டு. கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் என்று பெயர். பருத்தியிலிருந்தோ மரக்கூழிலிருந்தோ எடுத்த செல்லுலோஸை மாற்றிச் செய்தது. தண்ணீரில் கழன்ற அழுக்கு திரும்பவும் துணியில் போய் உட்காராமல் அது காவல் நிற்கும்.

உங்கள் டேபிளில் ஓடுகிற மேசை விரிப்பும் ஏப்ரனும் நாப்கினும் நாளைக்கு எங்கோ ஒரு வீட்டில் எண்ணெயும் சாஸும் பட்டுத் துவைக்கப் போகிறவை. கரூர்ச் சரக்குக்கு இந்தப் பினிஷ் வெறும் அழகு இல்லை, வெளிநாட்டில் வாங்குகிற பையர் கேட்டு வாங்குகிற குணம்.

நான் ஆலோசகர் ஆவதற்கு முன்னால் ஒரு பிராசஸிங் மில் லேபில் ஆறு வருடம் இருந்தேன். அங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன், வேலை என்னவென்று அதில் தெரியும். மேசை விரிப்பு ஆர்டர் ஒன்று. லேபில் செய்து பார்த்த துண்டுக்குக் கறை நீக்கத் தரம் 4 வந்தது. மில்லில் ஓடிய சரக்குக்கு 2. இந்தச் சோதனைக்கு, அதை வகுத்த அமெரிக்கத் துணி வேதியியல் சங்கத்தின் பெயரால், ஏ.ஏ.டி.சி.சி. 130 என்று பெயர். துணியில் மக்காச்சோள எண்ணெய் விட்டு, அதன்மேல் இரண்டேகால் கிலோ எடையை 60 வினாடி வைத்து எடுத்து, துவைத்து, மிச்சக் கறையைப் பார்த்து 5 முதல் 1 வரை தரம் போடுவார்கள். 5 என்றால் கறையே தெரியாது. கெமிக்கல் அளவைச் சரிபார்த்தோம், ஸ்டென்டர் சூட்டைச் சரிபார்த்தோம், எல்லாம் சரி. கடைசியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் லேப் துண்டிலும் மில் துணியிலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். லேப் துண்டு உடனே குடித்துவிட்டது. மில் துணியில் சொட்டு முத்து மாதிரி நின்றது.

துணி கொஞ்சம் விறைப்பாக இருக்கிறதென்று, ஸ்டென்டரில் இருந்தவர் நல்ல எண்ணத்தில் சிலிகான் சாஃப்ட்னரைச் சேர்த்திருக்கிறார். கை வைத்தால் பஞ்சு. ஆனால் சிலிகான் படலம் தண்ணீரை உள்ளே விடாது, எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். முழு லாட்டையும் உரித்துத் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று. சிலிகானை உரிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. பல பேருக்குப் பல நாள் தூக்கம் போனது. அந்த ஒரு சொட்டுத் தண்ணீரை விடத் தோன்றியதே, அந்தப் பெண்ணின் படிப்பு அதுதான். உங்கள் மகளிடம் அந்தப் புத்தி இருக்கிறது.

இன்னொரு பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பாட்ஸி ஷெர்மன் என்பவர் 1947இல் பள்ளியில் படிக்கும்போது, பிள்ளைக்கு என்ன தொழில் பொருந்தும் என்று ஒரு தேர்வு வைத்தார்கள். பெண்களுக்கு ஒரு தாள், ஆண்களுக்கு ஒரு தாள். அவருக்கு வந்த விடை: இல்லத்தரசி. ஆண்களுக்கான தாளைக் கொடுங்கள் என்று அடம்பிடித்து எழுதினார். வேதியியல் அல்லது பல் மருத்துவம் என்று வந்தது. வேதியியலும் கணிதமும் படித்து 1952இல் 3எம் நிறுவனத்தில் சேர்ந்தார். அடுத்த வருடம் ஆய்வகத்தில் ஃப்ளூரின் கலந்த ஒரு திரவம் உதவியாளரின் கேன்வாஸ் ஷூவில் சிந்தியது. தண்ணீராலும் கழுவ முடியவில்லை, எண்ணெய்க் கரைப்பானாலும் முடியவில்லை. சுற்றியுள்ள இடம் அழுக்கேறினாலும் அந்த இடம் மட்டும் சுத்தமாகவே இருந்தது. அவரும் சாமுவேல் ஸ்மித்தும் அதைத் துணிக்கான பூச்சாக்கினார்கள். 1956இல் ஸ்காட்ச்கார்ட் விற்பனைக்கு வந்தது. பின்னர் இருவரும், காற்றில் எண்ணெயைத் தள்ளி, தண்ணீரில் முகம் மாற்றிக் கறையை விட்டுவிடுகிற பாலிமரையும் செய்து 1971இல் காப்புரிமை பெற்றார்கள். தன் கெமிக்கலை மில்லில் சோதித்தபோது அவர் உள்ளே போக முடியாமல் காத்திருக்க வேண்டியிருந்தது. பெண்களுக்கு அங்கே அனுமதி இல்லை. தொழில் ஆலோசனை சொல்கிற நான் அந்தப் பள்ளித் தேர்வை ஒவ்வொரு கூட்டத்திலும் நினைத்துக்கொள்கிறேன்.

ஆனால் இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை மறைத்தால் நான் உங்களுக்கு நியாயம் செய்தவன் ஆகமாட்டேன். அந்த ஃப்ளூரின் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் மக்குவதில்லை. மனித ரத்தத்திலும் போய்ச் சேர்ந்தன. 2000ஆம் ஆண்டில் 3எம் நிறுவனமே பி.எஃப்.ஓ.எஸ். என்ற சேர்மத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. மக்காத நச்சுச் சேர்மங்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் அது 2009இலும், அதே வகையான பி.எஃப்.ஓ.ஏ. 2019இலும் ஏறின. கலிஃபோர்னியாவில் இவ்வகைச் சேர்மங்களை வேண்டுமென்றே சேர்த்த புதுத் துணிகளை விற்க 2025 ஜனவரி 1 முதல் தடை. ஐரோப்பாவும் கட்டுப்பாடுகளை இறுக்கிக்கொண்டே வருகிறது. கரூரிலிருந்து ஏற்றுமதி ஆகிற துணியில் ஃப்ளூரின் இருக்கிறதா என்று பையர் கேட்பது இதனால்தான்.

நான் இந்தத் துறையைப் பரிந்துரைப்பதும் இதனால்தான். ஐம்பது வருடம் நம்பியிருந்த கெமிக்கல் கையை விட்டுப் போகிறது. தண்ணீரைத் தடுக்க மெழுகும் சிலிகானும் ஓரளவு வருகின்றன. எண்ணெயைத் தடுப்பதில் ஃப்ளூரினுக்கு இணையாக இன்னும் எதுவும் நிற்கவில்லை. அப்படியானால் கறை படட்டும், துவைத்தால் போகட்டும் என்ற பழைய வழிக்கு மவுசு கூடுகிறது. அதைப் பருத்தியில், குறைந்த தண்ணீரில், குறைந்த சூட்டில், ரெசினிலிருந்து வருகிற ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு இல்லாமல் செய்ய ஆள் வேண்டும். முடிந்துபோன கணக்கு இல்லை இது.

எங்கே படிப்பது? பொறியியல் கலந்தாய்வில் பி.டெக். டெக்ஸ்டைல் டெக்னாலஜிக்குச் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.சி. டெக், கோவையில் பி.எஸ்.ஜி., குமரகுரு, சத்தியமங்கலத்தில் பண்ணாரி அம்மன் என்று நல்ல இடங்கள் இருக்கின்றன. கட்-ஆஃப் 200க்குக் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் படிப்பில் நூற்பும் நெசவும் பெரும்பங்கு எடுத்துக்கொள்ளும். சாயமும் பினிஷிங்கும் சில தாள்கள்தான். கல்லூரிக்குப் போனால் விடுதியைப் பார்ப்பதற்கு முன் சாயமும் பினிஷும் செய்து பார்க்கிற வெட் பிராசஸிங் லேபைப் பாருங்கள். வேதியியல்தான் அவள் உயிர் என்றால் மும்பையில் ஐ.சி.டி. என்ற வேதித் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் நாரும் துணிப் பதப்படுத்தலும் சேர்ந்த பி.டெக். இருக்கிறது. அவ்வளவு தூரம் அனுப்ப மனமில்லையா, பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு மில் லேபிலோ கெமிக்கல் கம்பெனியிலோ சேர்ந்து, எம்.எஸ்சி. முடித்து மேலே வந்தவர்களை எனக்குத் தெரியும். அதைத் தாழ்வாக நினைக்காதீர்கள்.

பாப்பா ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றீர்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். பணம் நினைத்துக் கலங்க வேண்டாம்.

சம்பளம் கேட்டீர்கள். முதல் இரண்டு மூன்று வருடம் சாஃப்ட்வேர் போன தோழியைவிடக் குறைவாகத்தான் இருக்கும். எந்தக் கல்லூரியாக இருந்தாலும் கடைசி மூன்று வருடம் எந்தெந்தக் கம்பெனியில், என்ன வேலையில் பிள்ளைகள் சேர்ந்தார்கள் என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். மில் லேபில் ஷிப்ட் உண்டு, வெக்கை உண்டு, ரெசின் நெடி உண்டு. காற்றோட்டம், கையுறை, முகமூடி, ஃபார்மால்டிஹைடு அளவு இவற்றை ஒரு மில் எப்படிக் கவனிக்கிறது என்று இன்டர்வியூவிலேயே கேட்கச் சொல்லுங்கள். கேட்டதற்கு முகம் சுளிக்கிற இடத்தில் சேர வேண்டாம். கழிவுநீரைப் பற்றியும் கேட்க வேண்டும். நொய்யல் ஆறு கெட்டுப்போய், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவள் செய்யப்போகிற பினிஷ் எதுவும் கடைசியில் தண்ணீரில்தான் போய்ச் சேரும் என்பது அவள் மனதில் முதல் நாளே பதிய வேண்டும்.

மில் மட்டுமே வழி என்றும் இல்லை. டெஸ்டிங் லேப்கள், மில்லுக்கு மில் போய்ச் சிக்கல் தீர்க்கிற கெமிக்கல் கம்பெனி வேலை, ஏற்றுமதி நிறுவனத்தில் கெமிக்கல் விதிமுறைகளைக் கவனிக்கிற வேலை, சலவைத்தூள் கம்பெனிகளின் ஆராய்ச்சிக்கூடம் என்று கதவுகள் பல. நீங்கள் ஆசைப்பட்ட ஏசி அறை அங்கேயும் உண்டு. டெஸ்டிங் லேபில் வெப்பமும் ஈரப்பதமும் மாறாமல் இருக்க வேண்டும் என்பது விதி.

விண்ணப்பம் போடுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அவளுக்கு ஒதுக்குங்கள். கஞ்சி போக அலசிய காடா துணி, அப்பாவின் சுருங்காத சட்டைத் துணி, பாலியஸ்டர் கலந்த துணி, மூன்றிலும் ஒவ்வொரு துண்டு. ஒவ்வொன்றிலும் ஐந்து சொட்டுக் கடலை எண்ணெய், மேலே பிளாஸ்டிக் தாள், அதன்மேல் இரண்டு கிலோ அரிசிப் பை, ஒரு நிமிடம். மூன்றையும் ஒரே வாளியில் ஒரே சோப்பில் துவைத்து நிழலில் காயப்போட்டு, 5 முதல் 1 வரை நீங்களே தரம் போடுங்கள். இருபது வருடம் செக்கிங் செய்த கண் உங்களுடையது, அவளைவிட நீங்கள்தான் சரியாகப் போடுவீர்கள். ஏன் அப்படி வந்தது என்பதை மட்டும் அவள் எழுதட்டும். அந்த நோட்டோடு அடுத்த வாரம் இரண்டு பேரும் வாருங்கள், கல்லூரி வரிசையை உட்கார்ந்து போடுவோம்.