கேளுங்கள், சொல்கிறோம்: கல்சட்டி, மண்சட்டி, மர அகப்பை

புதுக் கல்சட்டியைக் கழுவித் துடைத்து, வாங்கிய அன்றே வத்தக்குழம்புக்காக அடுப்பில் ஏற்றினேன். 'டப்'பென்று சத்தம், விளிம்பிலிருந்து கோடு விழுந்துவிட்டது. சட்டி மட்டமானதா, தப்பு என்னுடையதா?
— கும்பகோணம் வாசகி

அவசரம்தான் காரணமாக இருக்கும். கல்சட்டி மாக்கல்லைக் குடைந்து செய்வது, சுவர் கனமானது. பெரிய தீயில் வைத்தால் அடி முதலில் சூடாகி விரியும். மேல் விளிம்பு இன்னும் குளிர்ந்தே இருக்கும். அடி விரிய, விளிம்பு விட்டுக்கொடுக்காமல் பிடித்து நிற்க, விளிம்பில் பிளவு தொடங்குகிறது. கழுவிய ஈரம் கல்லுக்குள் இருந்தால் இன்னும் மோசம்.

அதனால்தான் கல்சட்டியைப் 'பழக்க' வேண்டும் என்கிறார்கள். வெறும் தண்ணீரில் கழுவி ஒரு நாள் நிழலில் காயவையுங்கள். மஞ்சள்தூளை விளக்கெண்ணெயில் குழைத்து உள்ளும் புறமும் பூசி, ஓர் இரவு விடுங்கள். (மஞ்சள் வழக்கத்துக்காக, இல்லாவிட்டாலும் குறையில்லை. எண்ணெயை விடக்கூடாது.) மறுநாள் துடைத்துவிட்டு, சோறு வடித்த கஞ்சியை வெதுவெதுப்பாக ஊற்றி, ஆறும்வரை வைத்துக் கொட்டுங்கள். ஐந்து முதல் ஏழு நாள் இப்படியே. ஒவ்வொரு நாளும் கஞ்சியின் சூட்டைக் கொஞ்சம் கூட்டி, கடைசி நாள் வடித்த சூட்டிலேயே ஊற்றலாம். பிறகு முக்கால் அளவு கஞ்சியோடு சட்டியை மிகச் சிறிய தீயில் பத்து நிமிடம் வைத்து, அணைத்து, அடுப்பிலேயே ஆறவிடுங்கள். இதை இரண்டு மூன்று நாள் செய்தால் போதும். எண்ணெயும் கஞ்சியின் பசையும் கல்லின் நுண்துளைகளை அடைக்கும். சட்டியும் படிப்படியாகச் சூட்டுக்கு வரும்.

சில கடைகளில் 'பழக்கிய சட்டி' என்று கறுப்பாக விற்பார்கள். மாக்கல்லின் இயல்பான நிறம் சாம்பல். எண்ணெய் தடவினாலே அது கறுத்துவிடும். கறுப்பை மட்டும் நம்பி நேரே அடுப்பில் ஏற்றாதீர்கள். குறைந்தது மூன்று நாளாவது கஞ்சி ஊற்றுங்கள்.

சமைக்கும்போது காலிச் சட்டியைத் தீயில் வைக்கக்கூடாது. தாளிப்பதை வேறு கரண்டியில் தாளித்துக் கொட்டுங்கள். குழம்பு பதத்துக்கு வர ஐந்தாறு நிமிடம் இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிடலாம். அதற்குப் பிறகும் சட்டி கொதித்துக்கொண்டிருக்கும். இதை மறந்தால் கீரை மசியல் அடிபிடிக்கும். இறக்கிய சட்டியை ஈர மேடையில் வைக்காமல் பிரிமணையில் வையுங்கள். மாக்கல் நகம் பட்டாலே கீறல் விழும் அளவுக்கு மென்மையானது. எவர்சில்வர் கரண்டியும் கம்பி நாரும் வேண்டாம். இண்டக்‌ஷன் அடுப்பில் இது சூடாகாது.

கோடு விழுந்த சட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். தண்ணீர் நிரப்பிச் செய்தித்தாள் மேல் ஓர் இரவு வையுங்கள். தாள் நனையாவிட்டால் தயிர் தோய்க்கலாம். நனைந்தால் கல் உப்போ புளியோ போட்டு வைக்கலாம். அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

வாங்கும்போதே விரிசலைக் கண்டுபிடிக்க வழி உண்டா? கல்லில் இருக்கும் வெள்ளைக் கோட்டுக்கும் விரிசலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.
— திருச்சி வாசகி

ஈரத்துணியால் சட்டி முழுவதையும் துடைத்துவிட்டு இரண்டு நிமிடம் பாருங்கள். மற்ற இடம் உலர்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் கருத்து நின்றால் அது விரிசல். உள்ளே தண்ணீர் தங்கியிருக்கிறது. கல்லின் இயற்கையான ரேகை மற்ற இடத்தோடு சேர்ந்தே உலர்ந்துவிடும். மண்சட்டிக்கும் இதே சோதனைதான். மண்சட்டியை விரல் முட்டியால் தட்டியும் பார்க்கலாம்: 'கணீர்' என்றால் நன்றாக வெந்தது, 'மொத்' என்றால் விரிசலோ அரைவேக்காடோ.

கறுப்பு மண்சட்டி நல்லதா, சிவப்பா? மீன் குழம்பு வாசனை போகவே மாட்டேன் என்கிறது.
— தூத்துக்குடி வாசகர்

நிறத்தில் உயர்வு தாழ்வு இல்லை. காற்றோட்டமான சூளையில் வெந்தால் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கும். சூளையை மூடிப் புகையை அடைத்தால் அதே மண் கறுக்கும். பார்க்க வேண்டியது, சுட்ட பிறகு சாயம் பூசியிருக்கிறார்களா என்பதை. வெள்ளைத் துணியை நனைத்துத் தேயுங்கள். நிறம் ஒட்டினால் வாங்காதீர்கள். உள்ளே கண்ணாடிபோல் பளபளக்கும் பூச்சு எதனால் ஆனது என்று விற்பவருக்குச் சொல்லத் தெரியாவிட்டால் அதையும் விட்டுவிடுங்கள். சில பூச்சுகளில் ஈயம் உண்டு. புளி அதை இறக்கிவிடும்.

புதுச் சட்டியை 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த பிறகே கஞ்சி காய்ச்ச வேண்டும். பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம்; துளைகள் அதைக் குடித்துவைத்து அடுத்த குழம்பில் கக்கும். தேங்காய் நாரும் கழுநீரும் போதும். மீன் வாசனைக்குக் கழுநீரை ஊற்றி மெல்லிய தீயில் கால் மணி நேரம் கொதிக்கவிடுங்கள். குறையும், முழுதாகப் போகாது. மீனுக்கென்று தனிச் சட்டி வைத்துக்கொள்வதே வழி.

மரக்கரண்டி ஒரே வாரத்தில் சொரசொரப்பாகி, காம்பின் நுனியில் கறுப்பும் பிடித்துவிட்டது.
— கோவை வாசகி

சொரசொரப்பு முதல் ஈரத்தில் மரத்தின் இழைகள் எழும்புவதால் வருவது. 220 நம்பர் உப்புத்தாளால் இழையோட்டத்தின் போக்கில் தேய்த்து, நனைத்து, முழுக்கக் காய்ந்தபின் 400 நம்பரால் ஒருமுறை தேயுங்கள். அதற்குப் பிறகு அவ்வளவாக எழும்பாது. பிறகு தேங்காய் எண்ணெயை லேசாகச் சூடாக்கித் தடவி, ஓர் இரவு விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள்; மாதம் ஒருமுறை போதும். மற்ற சமையல் எண்ணெய்களில் பல நாளடைவில் பிசுபிசுத்துச் சிக்கு வாடை அடிக்கும். பெயின்ட் கடையில் கிடைக்கும் ஆளிவிதை எண்ணெயில் உலர்த்தும் உலோக உப்புகள் சேர்ந்திருக்கலாம். அது மேசை நாற்காலிக்கு.

கறுப்பு, பூஞ்சைதான். கரண்டியைக் காம்பு கீழாக டப்பாவில் நிறுத்துகிறீர்கள். வடியும் தண்ணீர் அங்கே தேங்குகிறது. ஆணியில் தொங்கவிடுங்கள். ஈரத்தோடு கடும் வெயிலிலும் வைக்காதீர்கள், பிளக்கும். வாங்கும்போது இழையோட்டம் காம்பின் நீளத்திலேயே ஓடுகிறதா என்று பாருங்கள். குறுக்கே ஓடினால் கூழ் கிண்டும்போது முறியும்.

கொட்டாங்கச்சிக் கிண்ணத்தில் சூடான ரசம் ஊற்றலாமா?
— நாகர்கோவில் வாசகர்

ஓடு தாங்கும், அதன் மேல் அடித்திருக்கும் வார்னிஷ் தாங்காது. மினுங்காத, வெறும் எண்ணெய் தேய்த்த கிண்ணமாக வாங்குங்கள். தேங்காயின் மூன்று கண்களில் ஒன்று மெல்லியது, அது வழியாகக் கசியும். எனவே கண் இல்லாத பாதியில் செய்ததைக் கேட்டு வாங்குங்கள்.

பாக்குமட்டைத் தட்டுகளை மொத்தமாக வாங்கிவைத்தேன். மழைக்காலத்தில் புள்ளி புள்ளியாகக் கறுத்துவிட்டன. துடைத்துப் பயன்படுத்தலாமா?
— சிவகங்கை வாசகி

வேண்டாம். துடைத்தால் மேலே இருப்பதுதான் போகும். பூஞ்சை நாருக்குள் இருக்கும். மிச்சத்தை ஒரு நாள் வெயிலில் காயவைத்து, ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். விசேஷத்துக்கு முந்தைய வாரம் வாங்குவது இன்னும் நல்லது. பாக்கிலுள்ள அரிகோலின் போன்ற பொருள்கள் உணவில் இறங்கக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்துத் துறை 2025-ல் இந்தத் தட்டுகள் குறித்து எச்சரித்திருக்கிறது. எப்போதாவது ஒரு விருந்துக்கு என்றால் நாங்கள் பயமுறுத்த மாட்டோம். குழந்தைகளுக்குத் தினமும் சுடச்சுட ரசம் சாதம் போட வாழை இலையோ தையல் இலையோ இருக்கும்போது, இது எதற்கு?