மரத்தடி வகுப்பு: பலன் அடுத்த பீரியடில் தெரியும்

கேள்வி: நான்காம் வகுப்பு எடுக்கிறேன். வாரம் ஒருநாள் மரத்தடியில் பாடம் நடத்த ஆசை. “திரும்பி உள்ளே வந்தால் அடங்கவே மாட்டார்கள், அடுத்த பாடமும் போச்சு” என்கிறார் எச்.எம். பயன் உண்டா? எப்படித் தொடங்குவது?

பதில்: உங்கள் எச்.எம். சொல்லும் அதே அச்சத்தைச் சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் மிங் குவோ குழு 2018இல் வெளியிட்டது. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு, ஆசிரியர்கள் இருவர் தத்தம் வகுப்பில் ஒரே தலைப்பில் ஒரு பாடத்தை வெளியிலும் ஒன்றை உள்ளேயும் நடத்தினார்கள்; 10 வாரம் இப்படி. “இங்கே கவனி” என்று பாடத்தை நிறுத்த வேண்டிவந்த தடவைகளை அடுத்த வகுப்பில் எண்ணினார்கள். உள்வகுப்புக்குப் பின் சுமார் 3.5 நிமிடத்துக்கு ஒருமுறை; வெளிவகுப்புக்குப் பின் 6.5 நிமிடத்துக்கு ஒருமுறை. இரண்டே ஆசிரியர்கள், ஒரே பள்ளி என்பதால் இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். மதிப்பெண் கூடும் என்று பெற்றோருக்கு வாக்கும் கொடுக்காதீர்கள்.

ஆனால் கால அட்டவணைக்கு இது ஒரு வழி காட்டுகிறது: வெளிவகுப்பைக் கடைசி பீரியடில் போட்டால் பலன் வீட்டுக்குப் போய்விடும். முதல் பீரியட் வெளியே, இரண்டாவது பீரியட் பிள்ளைகள் திணறும் பாடம் என்று வையுங்கள். பங்குனி, சித்திரையில் வெயில் ஏறிய பிறகு மரத்தடியும் அனல்தான். அதற்கும் காலை வேளையே சரி.

கண்ணுக்கும் நல்லது. சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் நடந்த ஆய்வில், தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் இருந்த குழந்தைகளில் மூன்று ஆண்டுகளில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4%, மற்றவர்களில் 39.5%. மர நிழலின் வெளிச்சமே வகுப்பறையைவிடப் பல மடங்கு அதிகம், வெயிலில் உட்கார வைக்க வேண்டியதில்லை. வாரம் ஒருநாளில் இந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பலர் சறுக்குவது பாடத் தேர்வில். கரும்பலகை வேண்டிய பாடத்தை வெளியே கொண்டுபோனால் குரல் காற்றில் கரையும், பின்வரிசை பேச ஆரம்பிக்கும். கை வேலை உள்ள பாடமே வெளியில் நிற்கும். சுற்றளவும் பரப்பளவும் எடுங்கள். நால்வருக்கு ஒரு கயிறு, 4.2 மீட்டர் வெட்டி முனைகளை முடிந்தால் 4 மீட்டர் வளையம். மீட்டருக்கு ஒரு வண்ண நூல் கட்டுங்கள் (கயிற்றையே முடிச்சுப் போட்டால் நீளம் குறையும்). நால்வரும் மூலைகளைப் பிடித்துப் புல்தரையில் சதுரம் விரித்து, உள்ளே இருக்கும் செடிகளை எண்ணட்டும். பிறகு அதே கயிற்றை 1.5 மீட்டருக்கு 0.5 மீட்டர் செவ்வகமாக்கட்டும். சுற்றளவு அதேதான், பரப்போ 0.75 சதுர மீட்டர். கயிறு மாறவில்லை, இடம் எங்கே போனது என்று அவர்களே கேட்பார்கள்.

செய்ய வேண்டியதை உள்ளேயே சொல்லிவிட்டு வெளியேறுங்கள். பரீட்சை அட்டை, பென்சில், தண்ணீர் பாட்டில் போதும். எப்போதும் ஒரே இடம். பேசும்போது சூரியன் உங்கள் முகத்துக்கு நேரே இருக்கட்டும், பிள்ளைகளுக்குக் கண் கூசாது. வேம்பு, புங்கை நல்லது. தென்னைக்குக் கீழே வேண்டாம், முருங்கையில் கம்பளிப்பூச்சி. மழைக்குப் பிறகு எறும்புப் புற்று இருக்கிறதா என்று முதலில் நீங்கள் போய்ப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் கூச்சல் இருக்கும், புதுமைதான் காரணம். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

எச்.எம்.முக்கு ஒரு நோட்டு போடுங்கள். வெளிவகுப்பு நாளிலும் சாதாரண நாளிலும், இரண்டாவது பீரியடின் முதல் 20 நிமிடத்தில் பாடத்தை நிறுத்திய ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு. ஒரு பருவம் முழுக்கக் குறித்தும் வித்தியாசம் இல்லையென்றால் இடத்தை மாற்றிப் பாருங்கள். சாலை இரைச்சலோ பக்கத்தில் நடக்கும் பி.டி. வகுப்போ கவனத்தைக் கலைத்திருக்கலாம்.